அரிசி டிரம்மில் ஐடி கார்டு

படப்பையிலிருந்து ஒரகடம் போகும் ஷேர் ஆட்டோவில், கம்பெனிச் சீருடை அணிந்த இரண்டு பெண்கள் என் எதிரே பேசிக்கொண்டு வந்தார்கள்.

“நேத்து சீரியல் பாத்தியாடி? அந்த வில்லி, மருமவளோட ஐடி கார்டை ஒளிச்சி வெச்சிட்டா!”

“பாத்தேங்க்கா. ‘பொழப்பக் கெடுக்கிறாளே, நாசமாப் போவா’ன்னு எங்க மாமியாரு மண்ணு வாரித் தூத்துச்சி.”

“நல்ல மனசு.”

“இன்னா நல்ல மனசு? மூணு நாளா காணாத என் கார்டு இன்னிக்கி அரிசி டிரம்ல கெடைச்சிது. மாமியாருதான் போட்டு வெச்சிகீது. கார்டு இல்லாம மூணு நாளும் கம்பெனி கேட்டுல வுடல. சூப்பர்வைசர் கால்ல வுழப் போறேன். கேக்கலன்னா வேலை போச்சி.”

“அடிப்பாவி! வில்லிக்கே டியூஷன் எடுக்கும் போல கீதே!”

எழுபத்திரண்டு வயதான நானும் நேற்று அந்த வில்லியை வாய்விட்டுத் திட்டினேன். ஆறு வருடத்துக்கு முன் என் மருமகளின் கார்டைக் கிணற்றில் போட்டவன் நான். அவள் அதன்பின் வேலைக்குப் போகவே இல்லை.