மத்தில்த் கேட்ட ஒரே சுரம்

இரவு ஒன்பது மணி. விடிந்தால் கல்லறைத் திருநாள். கோயிலுக்குப் போகிற பாப்லர் மரச் சாலையில் ஓக்தாவ் மட்டும்தான்... கையில் லாந்தர், கக்கத்தில் இசைத்தாள். நம் ரொட்டிக்கடை ப்ளான்ஷின் பெரியப்பாதான் அவர். முப்பது வருஷம் இந்தக் கோயிலில் ஆர்கன் வாசித்தவர்.

ஆர்கனுக்குக் காற்று வேண்டும். பின்னால் இருட்டறையில் ஒருவர் துருத்தி அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். முப்பது வருஷமும் அடித்தவள் அவர் மனைவி மத்தில்த்.

"ஊருக்கெல்லாம் பாட்டு, எனக்கு மட்டும் தோல் கிறீச்சிடுற சத்தமா? ஒரு நாளாவது கீழ உட்கார்ந்து கேக்கணுங்க" என்பாள்.

"அடுத்த ஞாயிறு வேற ஆளைப் போட்டுடலாம்" என்பார்.

அந்த ஞாயிறு வரவே இல்லை. செப்டம்பரில் காய்ச்சலில் போய்விட்டாள். அவளுக்காக எழுதியதுதான் கக்கத்தில் இருந்த தாள். காலைப் பூசையில் வாசிக்க வேண்டும். ஒத்திகைக்குத் துருத்தி அடிக்க மில்காரன் பாஸ்தியானைக் கூப்பிட்டிருந்தார்.

"செத்தவங்க திரியுற ராத்திரி ஐயா. காலையில வரேன். அதுக்குள்ள உங்க பாட்டும் செத்தா போயிடும்?" என்று கதவைச் சாத்திவிட்டான்.

கோயிலில் ஆர்கன் இருக்கும் மேல்மாடத்தில் தனியாக உட்கார்ந்தார். அணைந்த மெழுகின் வாசனை. முப்பது வருஷப் பழக்கம்... துருத்தி அடிக்கச் சொல்லும் பின்னறை மணியைக் கை தானாக இழுத்துவிட்டது. கிணிங்.

கிறீச்... உஸ்ஸ்... கிறீச்... உஸ்ஸ்... கிறீச்... உஸ்ஸ்...

மூன்று அடி, ஒரு நிறுத்தம். அவள் மூச்சு வாங்கும் கணக்கு அது.

அவருக்குப் பயம் வரவில்லை. செத்தும் இவளுக்கு அதே வேலையா...

"விடு மத்தில்த். கீழ போய் உட்காரு. நான் அடிக்கிறேன்."

பின்னறையில் ஆள் இல்லை. துருத்திப் பிடி வெதுவெதுவென்று, வியர்வை ஈரத்தோடு இருந்தது. பிடித்து அடித்தார். படிகளில் மரச்செருப்புச் சத்தம் இறங்கியது. கீழே ஒரு நாற்காலி நகர்ந்தது... பிறகு அமைதி. காத்திருக்கிறாள்.

வாசிக்க யார்? அவர் பிடியை விட்டு வாசிக்கும் கட்டைகளிடம் வந்ததும், துருத்தி அடிக்க மரச்செருப்பு மறுபடி படியேறி வந்தது. மூன்று தடவை இப்படி.

நாலாவது தடவை, காற்றின் அளவு காட்டத் தொங்கும் ஈயக்குண்டை அறுத்தெடுத்தார். ஒரே ஒரு கட்டையின்மேல் வைத்தார். பின்னறைக்குப் போய்த் துருத்தி அடித்தார்.

விடியும்வரை ஊருக்கு அந்த ஒரு சுரம்தான் கேட்டது.

காலையில் படியேறி வந்த சாமியாரைப் பார்த்து, உள்ளங்கை கிழிந்த கிழவர் மெதுவாகச் சொன்னார்: "சத்தம் போடாதீங்க சாமி. கேட்டுக்கிட்டு இருக்கா."

சாமியார் கீழே எட்டிப் பார்த்தார். முன்வரிசை வைக்கோல் நாற்காலியில் ஒரு வெள்ளைத் துணி, நாலாக மடித்து... வாய் திறந்துவிடாமலிருக்க, செப்டம்பரில் சவப்பெட்டியை மூடுமுன் ஓக்தாவ் தன் கையால் அவள் தாடையில் கட்டிய துணி.