மவுண்ட் நன்றாகத்தான் இருந்தது

வெளிநாட்டுக் கார்களில் எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம், இன்ஜின் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று காதுக்குத் தெரியாது. நம் அம்பாசிடர் என்றால் தெருமுனையிலேயே சொல்லிவிடும். அந்த வண்டிகளில் இன்ஜினைத் தாங்கும் மவுண்டுக்குள் எண்ணெய் இருக்கும், ஐயா. ரப்பருக்குள் அடைத்து வைத்த எண்ணெய். அதிர்வையெல்லாம் அது வாங்கிக்கொள்ளும். ரப்பர் கிழிந்து எண்ணெய் ஒழுகிவிட்டால் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பிக்கும்.

விழுப்புரத்தில் ரைஸ் மில் வைத்திருக்கும் தட்சிணாமூர்த்தி அப்படியொரு காரைப் பாண்டிச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் வாங்கியிருந்தார். கியர் தானாக மாறும் வண்டி. ஸ்டியரிங் நடுங்குகிறது, மவுண்டாக இருக்கும், பாருங்கள் என்று திண்டிவனத்தில் என் பட்டறைக்கு அனுப்பினார். அந்த வாரம்தான் என் தம்பி சின்னதுரைக்கு மஸ்கட் விசா வந்தது.

தம்பி என்று பேருக்குச் சொல்கிறேன். அம்மா போனபோது அவன் கைக்குழந்தை. வளர்த்தது நான். அவனுக்காகத்தான் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அவன் கேட்டுச் செய்ததில்லை, நானாகச் செய்தது. அதை அவனிடம் சொல்லிக் காட்டியதும் இல்லை.

"ரெண்டு வருசம்தாண்ணா. போய்ட்டு வந்துடுவேன்" என்றான்.

"அங்க உனக்கு யாருடா இருக்கா?"

"நான் என்னா கொழந்தையாண்ணா?" என்று சிரித்தான்.

எனக்குக் கோபம் வரவில்லை. கவலைதான். கடல் தாண்டிப் போனவர்கள் திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன். வேறு ஆளாக வருகிறார்கள். வந்ததும் தனி வீடு கட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

மவுண்ட் போய்விட்டதா என்று பார்ப்பது சுலபமான வேலை. பானட்டைத் திறந்து வைத்து, ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி கியரில் போட்டு ஆக்சிலேட்டர் கொடுக்க வேண்டும். இன்னொருவர் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். மவுண்ட் கிழிந்திருந்தால் இன்ஜின் ஒரு பக்கமாக எழும்பும். சக்கரத்துக்குக் கட்டை வைப்பது வழக்கம். வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது. என் பட்டறையில் இதை மீறினால் திட்டுவேன்.

மற்ற ஆட்கள் டீக்குப் போயிருந்தார்கள், பட்டறையில் நானும் சின்னதுரையும்தான். கார் கருங்கல் சுவரைப் பார்த்து நின்றது.

"கட்டை வெக்கட்டுமாண்ணா?"

"வேணாம், ஜல்தியா முடிச்சிடலாம். அங்கிருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது. முன்னால வந்து குனிஞ்சி பாரு."

வந்து நின்றான். நான் ஒன்று சொன்னால் ஏன் என்று கேட்கிற பழக்கம் அவனுக்கு இல்லை. பானட் மறைத்ததால் என் இருக்கையிலிருந்து அவன் முகம் தெரியவில்லை. அது ஒருவகையில் நல்லதாகப் போயிற்று. ஆக்சிலேட்டரைக் கொடுத்தேன்.

"இன்ஜின் அசையவே இல்லண்ணா" என்றான். "மவுண்டு நல்லாத்தான் கீது."

நான் பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன்.

ஒரு கால் நொண்டினால் போதும் என்றுதான் நினைத்தேன், ஐயா. நொண்டியை மஸ்கட்டுக்கு எடுக்க மாட்டார்கள். இரண்டையும் முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டியதாகிவிட்டது. அதில் எனக்கு வருத்தம் உண்டு.

மவுண்ட் கிழிந்து, இன்ஜின் எழும்பி, ஆக்சிலேட்டர் ஒயரை இழுத்துவிட்டது என்று அன்றைக்கு ஸ்டேஷனில் உங்களிடம் சொன்னேன். சின்னதுரையும் அப்படியே சொன்னான். ஆஸ்பத்திரிக்குப் போகிற வேனில் அவன் தலை என் மடியில் இருந்தது. "வண்டி தாவிடுச்சிண்ணா. நீ யாரு கேட்டாலும் வாயத் தொறக்காத. நான் சொல்லிக்கிறேன்" என்றான். இன்ஜின் அசையவே இல்லை என்று சொன்ன அதே வாய். எல்லாம் தெரிந்துதான் சொன்னான். அந்த வேனில் போகும்போது எனக்கு இருந்த நிம்மதியை உங்களுக்குச் சொன்னால் புரியாது.

தட்சிணாமூர்த்தி சும்மா இருந்திருக்கலாம். புது மவுண்ட் போடலாம் என்று காரை மெட்ராஸுக்கு அனுப்பினார். அங்கே கழற்றிப் பார்த்திருக்கிறார்கள். ரப்பரில் கீறல் இல்லை, ஒரு சொட்டு எண்ணெய் ஒழுகவில்லை. நடுக்கம் தேய்ந்துபோன ஸ்பார்க் பிளக்கிலிருந்து வந்ததாம். அதை அவர் உங்களிடம் வந்து சொல்லிவிட்டார். நான் மறுக்கப்போவதில்லை. வண்டி தாவவில்லை. நான்தான் விட்டேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

இதையும் சேர்த்து எழுதுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக அவனைக் குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, எல்லாம் நான்தான். பட்டறையைக்கூட மூடிவிட்டேன். அவனுக்குக் கை நன்றாக இருக்கிறது, ஆனாலும் நானே பிசைந்து ஊட்டுகிறேன். ஊட்டப் போனால் வாயை இறுக மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறான். என்னோடு பேசுவதும் இல்லை. டாக்டரிடம் கேட்டேன். எடுத்துவிட்ட கால்கூட வலிக்கும் என்றார்.

அந்த வலிதான் ஐயா, வேறொன்றும் இல்லை.