ஒரு தடவ அமுக்கினா ஆமா

...அந்தப் புத்தகம் கனம் மட்டும் மூணு கிலோ இருக்கும் அண்ணாச்சி, உள்ள ஒரு வரி புரியணுமே! ஆடாதீங்க. கருப்பட்டி மூட்டையத் தூக்கித் தோளு பெசகிட்டுன்னுதான வந்திய? இருமினாக்கூட ஸ்கேன் படம் கலங்கிரும். நீங்க பேச வேண்டாம். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மைக்குல பேசுதேன், காதுல மாட்டியிருக்கதுல கேட்டுக்கிட்டுக் கெடங்க. கையில ரப்பர் பந்து இருக்குல்லா? ஒரு தடவ அமுக்கினா ஆமா, ரெண்டு தடவன்னா இல்ல. மூச்சு முட்டினா விடாம அமுக்குங்க, ஓடி வந்துருதேன். சரியா?... ஆங், ஒண்ணு. நல்ல மனுசன்.

புத்தகத்துக்கு வாரேன். இந்த வாரத்துல நாலு படம் கலங்கிப் போச்சு. நாலும் என் ஷிப்டுல! பத்மஜா டாக்டர் கூப்பிட்டு, "சண்முகசுந்தரி, ஒரு புத்தகம் வாங்கித் தாரேன், எதுன்னு நீயே பாத்துச் சொல்லு. அஞ்சாவது படமும் கலங்குச்சுன்னா, திரும்ப எக்ஸ்ரே ரூமுதான்"ங்காங்க. ஏசி ஒழுகுத ரூமு அண்ணாச்சி! ஒம்பது வருசம் அங்கன கெடந்துட்டு இப்பத்தான் இந்த மெஷின்ல வந்து உக்காந்திருக்கேன். திரும்பப் போவேனா?

சரின்னு மாதிரிக்கு மூணு எரவல் வாங்கிப் பாத்தேன். படம் எடுக்கதுக்கு வேற புத்தகம், எடுத்த படத்த அலசதுக்கு வேறயாம். இருக்கும்லா? சீலா மீனத் துண்டு போடுததும் கொழம்பு வச்சு ருசி சொல்லுததும் ஒரே வேலையா? அந்த மூணு கிலோ பூரா கணக்கு. ஒடம்புல இருக்க தண்ணியில என்னமோ அணு சுத்துதாம், சாயுதாம், பொறவு எந்திரிக்குதாம். எந்திரிச்சா எந்திரிக்கட்டும், எனக்கென்ன! அடுத்தது, அலசுத புத்தகம், பூரா கலரு. மூளைய அளந்து பச்சை, மஞ்சள்னு பூசி வச்சிருக்கான். பாக்க அம்புட்டு அழகு. ஆனா நம்ம மெஷின்ல அப்பிடிக் கலர் பூசுத பட்டனே கெடையாது. எங்கூட வேல பாக்க சிவபாலன், ஒல்லியா ஒண்ணு இருக்கு, அத வாங்குன்னான். தொறந்தா மொதப் பாடமே 'நோயாளியைப் படுக்க வைத்தல்'னு இங்கிலீசுல போட்டிருக்கான். ஆளப் படுக்க வைக்க எனக்குப் புத்தகமா? பிளாஸ்குக்கு அடியில வச்சுட்டேன்.

என்ன, அமுக்குதிய? பேசுததுல சங்கடம் இல்லைல்லா?... ரெண்டா? இல்லன்னுதான சொல்லுதிய. அப்பச் சரி.

டங்கு டங்குன்னு தட்டுதேன்னு பயப்படாதீங்க, சவத்து மெஷினு அப்பிடித்தான். படத்துல டி ஒன், டி டூன்னு ரெண்டு வகை உண்டு. அன்னைக்கி நான், "டி ஒன் முடிஞ்சுது, டி டூ போடு சிவபாலா"ன்னு கத்துதேன், கேன்டீன் ரோஸ் அக்கா ரெண்டு டீயத் தூக்கிட்டு வந்து நிக்கா! "சீனி போட்டதா, போடாததா"ன்னு வேற கேக்கா! மெஷினுக்குள்ள படம் எடுக்கக் கெடந்த வாத்தியாரு சிரிச்சாரு பாருங்க, குலுங்கிக் குலுங்கி... அந்தப் படமும் போச்சு. அதுக்கும் என்னையத்தான் ஏசுனாங்க. அதனாலதான் சொல்லுதேன், அலசுத புத்தகம்தான் டாக்டர்ட்ட கேக்கப் போறேன். படிச்சு, கோளாறு மெஷின்லதான்னு காட்டாம விடமாட்டேன்.

இருங்க, படம் வருது... ஏ யம்மா! தோளு ரெண்டு ரெண்டாத் தெரியுதே! அண்ணாச்சி, சிரிச்சியளா?... ஒண்ணு. ஐயோ, அஞ்சாவது!

அந்த ஒல்லிப் புத்தகம் எங்க... இந்தா. மொதப் பாடம்... "படம் கலங்கினால் மெஷினைப் பார்க்குமுன் ஆளைப் பாருங்கள். ஸ்கேன் ஓடும்போது அவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள்." போட்டிருக்கான் அண்ணாச்சி! ரெண்டாவது பக்கத்துலயே போட்டிருக்கான்! அப்ப அந்த நாலும் என்னாலயா?... நீங்க எதுக்கு அமுக்குதிய? உங்கள்ட்டயா கேட்டேன்?

கதவு தொறக்கு. டாக்டர் வாராங்க. அண்ணாச்சி, மில்லர்புரத்துல இனி உங்க கடையிலதான் எங்க வீட்டுக் கருப்பட்டி. நான் பேசுனேனான்னு கேட்டா ரெண்டு தடவ அமுக்குங்க. ரெண்டு!

வாங்க டாக்டர்... இல்லயே, நான் வாயே தொறக்கல. நம்பலைன்னா இந்தாங்க மைக்கு, அவர்ட்டயே கேளுங்க.

...ஒண்ணு.

இன்னொண்ணு அண்ணாச்சி! ஏ அண்ணாச்சி, இன்னொண்ணு!