காலியாக ஒரு இடமும் இல்லை

டீ பிரமாதம், சார். உங்கள் ஸ்டேஷனில் சர்க்கரையை அள்ளிப் போடுகிறார்கள். விருத்தாசலம் பக்கம் கரும்புக்கா பஞ்சம்?

பீங்கான் கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவு முழுக்க நான்தான். இரண்டு கம்ப்யூட்டர்களை ஒயர் போட்டு இணைத்து, ஒன்றில் ஏற்றுவது தினமும் மற்றதிலும் நகலாகும்படி செய்திருந்தேன். "ராஜமாணிக்கத்துகிட்ட குடுத்தா கல்லுல செதுக்குன மாதிரி" என்பார் மேனேஜர். எனக்கு அதில் பெருமைதான்.

2005-இல் நாற்பத்தொரு தொழிலாளர்களுக்கு மார்பு எக்ஸ்ரே எடுத்து, பெண்ணாடம் டாக்டர் பட்டியல் அனுப்பினார். ஒன்பது பேருக்கு நுரையீரலில் மண்தூசி; அரவைக் கொட்டகையிலிருந்து உடனே மாற்றச் சொல்லியிருந்தார். ஏற்றிவிட்டுக் காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். கம்ப்யூட்டர் இருக்கும்போது காகிதம் எதற்கு?

மறுநாள் ஒரு டிஸ்க் மக்கர் செய்தது. புது டிஸ்க் மாட்டி நகலெடுத்தேன். திசை மாறிவிட்டது; காலி டிஸ்க்கைக் கொண்டுபோய் நிறைந்த டிஸ்க்கின் மேல் எழுதிவிட்டேன். யானைக்கும் அடி சறுக்கும். மற்றதெல்லாம் பழைய சிடியில் இருந்தது, அந்தப் பட்டியல் மட்டும் இல்லை.

டாக்டரிடம் கேட்டிருந்தால் மறுபடி கொடுத்திருப்பார். பஸ்ஸில் அரைமணி நேரம். ஆனால் தொலைத்தவன் என்றாகிவிடுமே. ஒன்பது என்பது நினைவிருந்தது, எந்த ஒன்பது என்பது இல்லை. நன்றாக இருப்பவனை நோயாளியாக்குவது பாவம். போன வருஷப் பட்டியலையே தேதி மாற்றி ஏற்றினேன். எல்லோரும் நலம்.

அந்த ஒன்பதில் ஒருவனான பச்சமுத்து கொட்டகையிலேயே இருந்தான். இரண்டு வருஷம் இருமி, போன தை மாதம் செத்தான். அழுதேன், சார். நல்ல மனுஷன்.

அவன் மனைவி நீலாவதி, கொளஞ்சியப்பர் கோயில் வேலில் பிராது கட்ட வேண்டும் என்று, சாமிக்கு மனு எழுத என்னிடம்தான் வந்தாள். "அவரு நல்லா இருக்காருன்னு பொய்ச் சீட்டு குடுத்தவன் யாருன்னு தெரியலண்ணே. பேரு எடத்த காலியா வுடுங்க, சாமி பாத்துக்கும்."

காலி இடம் என்றாலே எனக்கு ஆகாது. டாக்டர் பெயரை நிரப்பினேன். கட்டிய மனுவை யாரோ படித்துச் சொல்ல, அவள் தம்பிகள் டாக்டரிடம் சண்டைக்குப் போக, அவர் ஒன்பது பெயரும் எழுதிவைத்த தன் நோட்டை எடுத்து நீட்டிவிட்டார். அப்படித்தான் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

மீதி எட்டுப் பேர் இன்னும் கொட்டகையில்தான் இருக்கிறார்கள். அந்த நோட்டைக் கொஞ்சம் கொடுங்கள், சார். பழைய தேதியிலேயே ஏற்றிவிடுகிறேன். என்னிடம் எதுவும் தொலைந்ததாக இருக்கக் கூடாது.