நாளை கால் மாற்றும் நாள் நடக்கும்

மேடையில் இருக்கும் வேன் ஓட்டுநர் சங்க நிர்வாகிகளே, மேலகரத்துப் பெரியவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்த தலைவரின் மகள் ஜெயபிரியா அவர்களே, சவாரியை விட்டுவிட்டு வந்திருக்கும் ஓட்டுநர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் சங்கத் தலைவர் யோகலட்சுமி அம்மையார் மாரடைப்பால் மறைந்துவிட்டார். ஆனால் அழுதுவிட்டுப் போக நான் வரவில்லை. மண்டபத்துக்குள் நுழையும்போதே ஒரு பேச்சு காதில் விழுந்தது. தலைவர் போன துக்கம், சீசனும் நெருங்கிவிட்டது, இந்த வருடம் கால் மாற்றும் நாள் வேண்டாம் என்று சில வேன் முதலாளிகள் சொல்கிறார்களாம். துக்கம் இதற்கா சாக்கு?

வெளியூர் உறவினர்களுக்காகச் சொல்கிறேன். குற்றாலத்தில் சீசன் தொடங்குமுன் ஒரு நாள், எங்கள் ஸ்டாண்டில் ஒருவர் வேனில் இன்னொருவர் ஏறி பிரேக்கை மிதித்துப் பார்க்க வேண்டும். பிரேக் சரியில்லை என்று மிதித்தவர் சொன்னால், பழுது பார்க்கும்வரை சாவி சங்கத்திடம் இருக்கும். அதைக் கொண்டுவந்தவர் யோகலட்சுமி!

ஏன் இன்னொருவர் கால்? நான் இயற்பியல் வாத்தியார், உதாரணம் சொல்லாமல் விட மாட்டேன். ஊசியில்லாத இரண்டு சிரிஞ்சுகளைக் குழாயால் இணைத்துத் தண்ணீர் நிரப்புங்கள். இங்கே அழுத்தினால் அங்கே தள்ளும். திரவம் நசுங்காது, அழுத்தத்தை அப்படியே கொண்டுபோகும். அந்தப் பக்கத்துச் சிரிஞ்சு பெரிதாக இருந்தால் விசையும் பெரிதாகும். ஒரு கால், ஆளேற்றிய வேனையே நிறுத்துவது இப்படித்தான். இப்போது குழாய்க்குள் ஒரு காற்றுக் குமிழியை விடுங்கள். நீங்கள் அழுத்த அழுத்த, குமிழிதான் நசுங்கும். பிரேக் ஆயில் நம் சாரலின் ஈரத்தை மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். செங்கோட்டை மலைச்சாலையில் இறங்கும்போது சூடேறி, அந்த ஈரம் ஆவியானால் அதுவும் குமிழிதான்; பெடல் உள்ளே போகும், பிரேக் பிடிக்காது.

பெடல் ஒரே நாளில் தொய்வதில்லை. தினமும் கொஞ்சம் தொய்கிறது. ஓட்டுபவர் காலும் தினமும் கொஞ்சம் பழகிக்கொள்கிறது.

முதல் வருடம் அம்மையார் மிதித்தது இங்கே இருக்கும் நமசிவாயத்தின் வேனை. இத்தனை வருடம் ஓட்டுகிற எனக்குத் தெரியாதா என்று அவர் மல்லுக்கு நின்றார். அம்மையார் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார்.

"ஏலே, ஒனக்கே தெரியாம ரெண்டு மிதி மிதிக்கே. பிரேக்கு போயிட்டு. ஒன் காலு அத மறைக்குது."

அடுத்த வருடம் அதே நமசிவாயத்தைக் கூப்பிட்டு, தம் பள்ளி வேனை மிதிக்கச் சொன்னார். மிதித்தவர் தயங்கினார்.

"யக்கா, ஒங்க பெடலும் உள்ள போவுது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மையார் கோபப்பட்டாரா? இல்லை. சமாதானம் சொன்னாரா? அதுவும் இல்லை. சாவியை நீட்டினார்.

"பொறவு எதுக்குலே முழிக்கே? வாங்கு."

அன்று மாலை பள்ளிப் பிள்ளைகளை டவுன் பஸ்ஸில் ஏற்றி, தாமும் கூடப் போய் வீடு வீடாக விட்டார். அவர்தான் யோகலட்சுமி!

முதலாளிகளே, தலைவர் தமக்கே விலக்குக் கேட்காத நாள் அது. நீங்கள் எப்படிக் கேட்கிறீர்கள்? நாளைக் காலை ஸ்டாண்டில் கால் மாற்றும் நாள் நடக்கும். அடுத்த வருடமும் நடக்கும். வராத வேனில் ஊர்க்காரர்கள் நாங்கள் ஏற மாட்டோம், எங்கள் பிள்ளைகளையும் ஏற்ற மாட்டோம்.

அம்மையாரின் வேன் வாசலில் நிற்கிறது. இனி ஜெயபிரியா அதை ஓட்டப்போகிறார். நாளை முதலில் மிதிக்க வேண்டியது அதைத்தான். நமசிவாயம், நீங்களே ஏறுங்கள். தலைவர் வேன் என்று பார்க்காதீர்கள். பெடல் உள்ளே போனால் சாவியை வாங்கிவிடுங்கள்.