பிடித்துக்கொள்ள ஓர் ஆள்

போன வருஷம் தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மட்டன் பிரியாணி சாப்பிட்டுவிட்டேன், ஃபாதர். இறைச்சி தொடக் கூடாத சுத்தபோசன நாள் என்று தெரிந்தேதான் சாப்பிட்டேன். பாலக்கரையில் எங்கள் தெருமுனை பாய் கடைப் பிரியாணி. ஆஸ்பத்திரி அறைக்கே வாங்கி வரச் சொல்லி, தம்பிக்கு ஊட்டிவிட்டு, மிச்சத்தை நான் சாப்பிட்டேன். போன ஈஸ்டருக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்துக்கு வர முடியவில்லை. அதனால் இந்த முறை இதை முதலில் சொல்ல வேண்டும் என்று வரிசையில் நிற்கும்போதே நினைத்துக்கொண்டேன்.

வேறு ஏதாவது உண்டா என்று கேட்கிறீர்கள். வார்டில் பயிற்சிக்கு வரும் நர்ஸ் பெண்களைத் திட்டுகிறேன். அதை வருஷாவருஷம் கேட்டு உங்களுக்கே அலுத்திருக்கும். தம்பி இன்னாசிராஜின் கையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது பாவத்தில் சேருமா என்பது எனக்குச் சந்தேகம்தான். ஆனால் பிரியாணியைச் சொல்லிவிட்டு, அது ஏன் ஆஸ்பத்திரியில் என்று சொல்லாமல் எழுந்துபோனால் அரைகுறையாக இருக்கும். எனக்கு அரைகுறை வேலை பிடிக்காது.

இன்னாசி என்னைவிட மிகவும் சின்னவன். அம்மா போன பிறகு அவனை வளர்த்தவள் நான். நம் கோயில் பங்கில் எல்லோரும் இதைத் தியாகம் என்பார்கள், எனக்கு எரிச்சல் வரும். ஆசைப்பட்டுத்தான் வளர்த்தேன். முசிறியிலிருந்து ஒரு வரன் வந்தது. நல்ல மனிதர், வாழைத்தோப்பெல்லாம் இருந்தது. ஆனால் தம்பியை ஹாஸ்டலில் சேர்க்கச் சொன்னார். காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். ஒரு நாளும் அதற்காக வருத்தப்பட்டதில்லை.

அவனுக்கு விமானப் பைத்தியம். படித்ததும் விமானங்களைப் பழுதுபார்க்கும் படிப்புதான். வீட்டில் சின்ன விமானம் செய்வான். இறக்கை என் இரண்டு கையையும் விரித்த அகலம் இருக்கும். இன்ஜினோ உள்ளங்கையில் அடங்கிவிடும். மெத்தனாலும் விளக்கெண்ணெயும் கலந்து ஊற்ற வேண்டும். புது இன்ஜின் வந்துவிட்டால் எங்கள் வீடு பிள்ளை பெற்ற வீடு மாதிரி ஆகிவிடும். மொட்டைமாடியில் ஒரு பலகையில் அதை முடுக்கிவைத்துப் பழக்குவான்.

"எடுத்ததும் வேகமா ஓட்டக் கூடாதுக்கா. உள்ள பிஸ்டன் இன்னும் இறுக்கமா இருக்கு. எண்ணெய் தாராளமாப் போகணும். கொஞ்ச நேரம் ஓடணும், நல்லா ஆறணும், அப்புறம் மறுபடி ஓடணும். அவசரப்பட்டா மொத்தமும் போச்சு" என்பான்.

எரிபொருளைக் கூட்டவும் குறைக்கவும் ஊசி மாதிரி ஒரு திருகு இருக்கிறது. நன்றாகத் திறந்து வைத்தால் இன்ஜின் புகையைக் கக்கிக்கொண்டு தடதடவென்று ஓடும். கொஞ்சம் கொஞ்சமாக மூடினால் சத்தம் ஒன்றுகூடி நீளமான கூவலாகும். அதற்கும் மேலே மூடினால் சூடேறிக் கெட்டுப்போகும். சரியான இடம் அந்தக் கூவலுக்குச் சற்று முன்னால் இருக்கிறது. அவனுக்கு முன்பே அது என் காதில் விழும். "இப்ப" என்பேன். விரலை எடுத்துவிடுவான். ஆஸ்பத்திரியில் என் பேச்சை இப்படி யாரும் கேட்டதில்லை. எனக்கு அதில் ரொம்பச் சந்தோஷம், மறைப்பானேன்.

பலகையில் பழக்கி முடித்ததும் இன்ஜினை விமானத்தில் பூட்டி, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கொள்ளிடத்துக்குக் கொண்டுபோவோம். நான் பின்னால் உட்கார்ந்து விமானத்தை மடியில் வைத்துக்கொள்ள, அவன் காவிரிப் பாலம் தாண்டி, ஸ்ரீரங்கம் தாண்டி வண்டியை ஓட்டுவான். தண்ணீர் திறக்காத மாதங்களில் ஆறு முழுக்க மணல்தான். அங்கே ஒரு கடைசி வேலை உண்டு. இன்ஜினை முழு வேகத்தில் ஓடவிட்டுத் திருகைச் சரிபார்க்க வேண்டும். அப்போது விமானம் முன்னால் பாயப் பார்க்கும். பின்னால் மண்டியிட்டு ஒருவர் இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த ஆள் நான்.

இன்ஜினைக் கிளப்புவதற்காக அதன் தலையில் பாட்டரிக் கிளிப் ஒன்றை மாட்டுவார்கள். ஓட ஆரம்பித்ததும் பின்பக்கமாக வந்து அதைக் கழற்ற வேண்டும். முன்னால் விசிறி சுற்றிக்கொண்டிருக்கிறது, கண்ணுக்குக்கூடச் சரியாகத் தெரியாது. இன்னாசி எப்போதும் முன்பக்கத்திலிருந்தே கையை நீட்டுவான். "பின்னாடி வந்து எடுடா" என்று ஒவ்வொரு தடவையும் கத்துவேன்.

"நீதானேக்கா புடிச்சிருக்க. அப்புறம் என்ன பயம்?" என்பான்.

போன வருஷம் கனடாவில் அவனுக்கு வேலை கிடைத்தது. பெரிய விமானங்களைப் பிரித்துப் பூட்டும் வேலை. ஈஸ்டர் முடிந்ததும் கிளம்ப வேண்டும். போய் இரண்டு மூன்று வருஷத்தில் அங்கேயே நிரந்தரமாகத் தங்கும் உரிமை வாங்கிவிடலாம் என்றான். "நீயும் வந்துடுக்கா" என்றும் சொன்னான். சொல்லும்போது போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குப் பயம் வந்தது, ஃபாதர். டியூட்டி முடிந்து வந்து நானே பூட்டைத் திறந்து, நானே விளக்கைப் போட்டு, எனக்கு மட்டும் அரை டம்ளர் அரிசி களைவதை நினைத்துப் பார்த்தேன். பார்க்க முடியவில்லை.

என்னைப் பற்றி மட்டும் யோசித்தேன் என்று நினைக்காதீர்கள். அவனுக்குச் சின்ன வயதிலிருந்து வீசிங். இங்கே மார்கழிப் பனிக்கே இழுக்கும். சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவத் தெரியாது. எப்படியும் அங்கே கஷ்டப்படுவான். பேசிப் பார்த்தேன், சிரித்தான். மாதாவுக்கு நவநாள் செய்தேன், விசா இன்னும் சீக்கிரம் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது அவனைக் கண்ணாடி போடச் சொன்னேன். பிளாஸ்டிக் பாதுகாப்புக் கண்ணாடி, எங்கள் ஆபரேஷன் தியேட்டரில் போடுவது. நானே வாங்கி வந்திருந்தேன். "எதுக்குக்கா இது, வெல்டிங்கா பண்ணப் போறேன்?" என்று கேலி செய்தான். போட்டால்தான் வருவேன் என்று நின்றுகொண்டேன். கண்ணில் அடிபடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். அவன் நிறையப் படிக்கிற பையன்.

என் பையில் கட்டுப்போடும் துணியும் பஞ்சும் இருந்தன. அவை எப்போதும் இருப்பவைதான். அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாக வைத்திருந்தேன்.

இன்ஜின் முதல் இழுப்பிலேயே கிளம்பிவிட்டது. நன்றாகப் பழக்கிய இன்ஜின். நான் மண்டியிட்டு இறக்கையின் இரண்டு பக்கத்தையும் பிடித்திருந்தேன். அவன் முழு வேகம் வைத்துத் திருகை மூடிக்கொண்டே வந்தான். சத்தம் கூடி வந்தது. "இப்ப" என்றேன். நிறுத்தினான். என்னைப் பார்த்துச் சிரித்தான். பிறகு, அதுவரை கழற்றாமல் விட்டிருந்த கிளிப்பை எடுக்க முன்பக்கத்திலிருந்து கையை நீட்டினான். வழக்கமாகக் கத்துவேன் என்று சொன்னேன் அல்லவா, அன்றைக்குக் கத்தவில்லை. பிடியை விட்டேன்.

கை வழுக்கிவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். உங்களிடமும் அப்படித்தான் சொன்னேன். விளக்கெண்ணெய், வழுக்குவது இயற்கை என்று நீங்களே எனக்கு ஆறுதல் சொன்னீர்கள். இங்கே மண்டியிட்டுக்கொண்டு பொய் சொல்லக் கூடாது. என் கையில் எண்ணெய் இல்லை. துடைத்துவிட்டுத்தான் பிடித்தேன்.

வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது, மூன்றாவது தொங்கியது. அவன் கத்தவில்லை. அதிர்ச்சியில் அப்படித்தான் இருக்கும். மணலில் உட்கார்ந்து, அந்தக் கை வேறு யாருடையதோ என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கையை உயர்த்திப் பிடித்து அழுத்திக் கட்டினேன். என் கட்டைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரியில் டாக்டரே பாராட்டினார்.

அவர் கேட்ட முதல் கேள்வி, விரல்கள் எங்கே என்பது. சுத்தமான துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையை ஐஸில் வைத்துச் சீக்கிரம் கொண்டுவந்தால் சில சமயம் ஒட்டவைக்கலாம். பயிற்சிப் பெண்களுக்கு வருஷாவருஷம் இதை நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

"அவ்வளவு மணல்ல எங்க தேடுறது டாக்டர்" என்றேன்.

அவை விமானச் சக்கரத்தின் பக்கத்திலேயே கிடந்தன. அவன் கண்ணில் பட்டால் மயக்கம் போட்டுவிடுவான் என்று காலால் மணலைத் தள்ளி மூடினேன். மூடிய பிறகு அந்த இடத்தில் லேசாக மிதித்தேன். ஏன் மிதித்தேன் என்று இப்போது யோசித்தால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

கனடாக்காரர்கள் ரொம்ப மரியாதையாக எழுதி வேலையை ரத்து செய்தார்கள். இன்னாசி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். சாப்பிட மாட்டேன் என்றான். அந்த வெள்ளிக்கிழமைதான் வாயைத் திறந்து பிரியாணி கேட்டான். எந்த அக்கா நாளும் கிழமையும் பார்ப்பாள்? பிசைந்து ஊட்டினேன். "நீயும் சாப்பிடுக்கா. உன் மேல எனக்குக் கோவமே இல்ல. கை வழுக்கினா நீ என்ன பண்ணுவ" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு நல்ல பிள்ளை.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் போல நாங்கள் சந்தோஷமாக இருந்ததில்லை. சட்டைப் பொத்தான் போட்டுவிடுவேன். மீனில் முள் எடுத்துக்கொடுப்பேன். சாயங்காலம் நான் வரும்போது வாசல் விளக்கு எரியும். அவன் சில சமயம் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுவான். கேட்டும் கேட்காதது போல இருந்துவிடுவேன். காலம் போனால் சரியாகிவிடும்.

ஆனால் அவன் பிடிவாதக்காரன். இடது கையால் எழுதப் பழகினான். திருப்புளி பிடிக்கப் பழகினான். போன மாதம் அதே கனடாவிலிருந்து வேறொரு கம்பெனி கூப்பிட்டிருக்கிறது. மற்றவர்கள் செய்த வேலையைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டுமாம். இடது கை போதும். எல்லாம் முடிவாகி, டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. இந்த ஈஸ்டர் முடிந்ததும் கிளம்புகிறான். குதித்துக்கொண்டு வந்து என்னைக் கட்டிப்பிடித்துச் சொன்னான். நானும் கேசரி கிண்டிக் கொடுத்தேன்.

போவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை பறக்கவிட வேண்டும் என்று புது இன்ஜின் வாங்கியிருக்கிறான். இத்தனை நாளும் மொட்டைமாடியில் இடது கையாலேயே பழக்கினான். நிதானமாக, ஆறவிட்டு ஆறவிட்டு. நான் பக்கத்தில் நின்று "இப்ப" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நேற்று விமானத்தில் பூட்டியாகிவிட்டது. நாளை மறுநாள், குருத்து ஞாயிறு, உங்கள் இரண்டாம் பூசை முடிந்ததும் கொள்ளிடத்துக்குப் போகிறோம்.

ஃபாதர், இங்கே கேட்டதை நீங்கள் வெளியில் யாரிடமும் சொல்ல முடியாது, அவனிடம்கூட. அது எனக்குத் தெரியும். அதற்காக நான் இங்கே வந்து சொன்னேன் என்று நினைத்துவிட வேண்டாம்.

செய்த பாவத்துக்கு மனம் வருந்தும் மனஸ்தாபம் இல்லாமல் பாவமன்னிப்பு தர முடியாது என்கிறீர்கள். சரி, உங்கள் விருப்பம். பிரியாணிக்காக நிஜமாகவே வருத்தப்படுகிறேன். "ஞாயித்துக்கிழமை மட்டும் அவன்கூடப் போகாதீங்கம்மா, உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கிறேன்" என்கிறீர்கள். பதறாதீர்கள், தண்ணீர் குடியுங்கள். நான் போகாவிட்டால் இன்னாசி யாரையாவது கூப்பிட்டுக்கொண்டு போவான். ஒரு கை மட்டும் சரியாக இருக்கிற பிள்ளையை முன்பின் தெரியாத ஒருவரை நம்பி எப்படி அனுப்புவேன், எனக்கு மனசு வராது.