மெயின் சுவிட்சில் கட்டிய துண்டு

தறி ஓடுகிற இடத்தில் பஞ்சு பறக்கத்தான் செய்யும் என்பார்கள். ஒழுங்காகப் பெருக்கினால் அவ்வளவு பறக்காது. திருத்தணியில் இதைச் சொல்லிப் புரியவைக்கவே எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று, இன்ஸ்பெக்டர்.

எண்பத்தைந்தில் முதலாளி பரந்தாமன்தான் என்னை மெட்ராஸுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார். ஜப்பான்காரர்கள் தொழிற்சாலை நடத்தும் முறை. வேண்டாததை எடுத்துவிடு, வேண்டியதற்கு ஓர் இடம் கொடு, துடைத்து வை, இன்றைவிட நாளைக்குக் கொஞ்சம் நன்றாகச் செய். இதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது?

வந்ததும் விசைத்தறிக் கொட்டகையில் நடைபாதைக்கு மஞ்சள் கோடு போட்டேன். பலகையில் ஒவ்வொரு ஸ்பானரின் உருவத்தையும் வரைந்து, அங்கங்கே ஆணி அடித்தேன். மூலையில் ஒரு சிவப்புப் பெட்டி வைத்தேன். இடம் தவறி எது கிடந்தாலும் அதற்குள் போய்விடும். நூல் வீணாவது குறைந்தது. தறிகளிலிருந்து லுங்கி அதிகமாக இறங்கியது. முதலாளி என்னைத் தட்டிக்கொடுத்தார்.

மேஸ்திரி ஜம்புலிங்கம் மட்டும் சரிப்பட்டு வரவில்லை. தறிகளைப் பழுதுபார்ப்பவர். ஸ்பானரை இடுப்பில் செருகிக்கொண்டே திரிவார். பலகையில் அதன் உருவம் மட்டும் காலியாக இருக்கும். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என் கண் அங்கேதான் போகும்.

ஒருநாள் முதலாளி, திருப்பதியிலிருந்து வந்த ஜவுளிக்காரர்களைக் கொட்டகைக்குக் கூட்டிவந்தார். நான் கோடுகளை விளக்கிக்கொண்டிருந்தேன். என் மனைவி வரலட்சுமி அப்போதுதான் ஆர்.கே.பேட்டையிலுள்ள தன் தாய்வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். அது ஊருக்கே தெரியும்.

“மேனேஜரு ஊட்டம்மாவச் சுத்தியும் ஒரு கோடு போட்டிருந்தா, அது அம்மா ஊட்டுக்குப் போயிருக்காதுங்க,” என்றார் ஜம்புலிங்கம்.

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

தறிகளை ஓட்டும் இரும்புத் தண்டு தரைக்கடியில் ஒரு பள்ளத்தில் சுழல்கிறது. பெல்ட் மாட்ட அதற்குள் இறங்கும்போது, ஜம்புலிங்கம் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, கைப்பிடியில் தன் துண்டைக் கட்டுவார். துண்டு இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம், யாரும் தொடமாட்டார்கள். அது அவராக வைத்துக்கொண்ட வழக்கம். சுவிட்சின் மேல் துண்டுக்கென்று நான் எந்த இடமும் குறித்துக் கொடுக்கவில்லை.

ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் அவர் பள்ளத்தில் இறங்கினார். மலையிலிருந்து திரும்பும் காவடிக் கூட்டம் மேளத்தோடு ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. நான் துண்டை அவிழ்த்தேன். நான்காக மடித்தேன். சிவப்புப் பெட்டியில் போட்டேன்.

தறி ஓட்டும் சந்திரா டீ குடித்துவிட்டு வந்தாள். துண்டு இல்லாததைப் பார்த்த பிறகும் தயங்கினாள்.

“மேஸ்திரி மேல வந்துட்டாருங்களா, சார்?”

“ஆங், போடும்மா,” என்றேன்.

தண்டு ஒரு தடவை திணறியது. பிறகு சீராகச் சுழன்றது.

அவரை வெளியே எடுத்த பிறகு, பள்ளத்தில் கிடந்த ஸ்பானரைத் துடைத்துப் பலகையில் மாட்டினேன். முதல் தடவையாகப் பலகையில் காலி இடமே இல்லை.

ஜம்புலிங்கத்தின் மனைவி கெங்கம்மாள் மண்ணை வாரிச் சந்திராவின் மேல் தூற்றினாள். “சார்தாங்க போடச் சொன்னாரு,” என்று சந்திரா சொல்லிச் சொல்லி அழுதாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளை உங்கள் ஆட்கள் ஜீப்பில் ஏற்றியபோது, சிந்திக் கிடந்த எண்ணெயைத் துடைக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்று காலை ஏட்டய்யா எழுதியதை முதலாளி எனக்குச் சொன்னார். கவனக்குறைவால் நேர்ந்த விபத்து என்று எழுதியிருக்கிறாராம். அதைக் கேட்டுவிட்டுத்தான் நானாக இங்கே வந்தேன். சந்திராவுக்காக வரவில்லை. நான் நடத்தும் கொட்டகையில் கவனக்குறைவு என்று யாரும் எழுத முடியாது. துண்டை அவிழ்த்தது நான். ஆள் உள்ளே இருப்பது தெரிந்தேதான் சுவிட்சைப் போடச் சொன்னேன். அவர் சாக வேண்டும் என்றுதான் சொன்னேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள்.